மனநலக் கல்வியறிவு: அது என்ன, எப்படி வளர்த்துக்கொள்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவருக்குச் சில வாரங்களாகச் சரியான தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் மனம் ஒட்டவில்லை. இப்படி ஒரு கற்பனை மனிதரின் நிலையை எழுதிக் கொடுத்து, "இவருக்கு என்ன?" என்று ஆஸ்திரேலியாவில் 2,000-க்கும் மேற்பட்ட பொதுமக்களிடம் கேட்டார்கள். மனச்சோர்வு என்று அடையாளம் கண்டவர்கள் 39 சதவீதம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயின் அறிகுறிகளைச் சொல்லிக் கேட்டபோது அதை இனங்கண்டவர்கள் 27 சதவீதம்தான். இன்னும் வியப்பான விஷயம், மனநல மருந்துகளைவிட வைட்டமின் மாத்திரைகளும் தனி உணவு முறைகளும் பலன் தரும் என்று நம்பியவர்களே அதிகம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் அந்தோணி ஜோர்மும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட இந்த ஆய்வின் வழியாகத்தான் 'மென்டல் ஹெல்த் லிட்டரசி', அதாவது மனநலக் கல்வியறிவு என்ற கருத்து பரவலானது. உடல்நலத்தைப் பற்றி 'ஹெல்த் லிட்டரசி' என்று 1970-களிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். மாரடைப்பின் அறிகுறி என்ன, நீரிழிவு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. மனம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

## படி 1: வரையறையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஜோர்ம் தந்த வரையறை சுருக்கமானது: மனநலக் கோளாறுகளை அடையாளம் காணவும், சமாளிக்கவும், தடுக்கவும் உதவுகிற அறிவும் நம்பிக்கைகளும். இதில் 'உதவுகிற' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. நோய்களின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்தும், தனக்கு ஒன்று வரும்போது யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்பவருக்கு இந்த அறிவு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நோயின் பெயரும் தெரியாவிட்டாலும், "இவள் ஒரு மாதமாக இவளாக இல்லை, டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்" என்று முடிவெடுக்கிற பாட்டிக்கு அது இருக்கிறது.

பிறகு வந்தவர்கள் இந்த வரையறையை விரித்தார்கள். கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஸ்டான் குட்சரும் அவருடைய குழுவினரும் நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள்: நல்ல மனநலத்தை எப்படிப் பெறுவது, காப்பது என்று அறிதல், கோளாறுகளையும் சிகிச்சைகளையும் புரிந்துகொள்ளுதல், நோயாளிகள் மீதான ஒதுக்குதலைக் குறைத்தல், எப்போது, எங்கே, எப்படி உதவி கேட்பது என்று அறிந்து அதைச் செய்யும் திறன். ஜோர்மும் தன் பங்குக்கு, அடுத்தவருக்கு முதலுதவி செய்யும் திறனையும், லேசான பிரச்சினைகளைத் தானே கையாளும் வழிகளையும் சேர்த்துக்கொண்டார்.

விழிப்புணர்வு வேறு, இது வேறு. "மனநலம் முக்கியம்" என்று சுவரொட்டி ஒட்டுவது விழிப்புணர்வு. அதைப் படித்தவர் மறுநாள் காலை என்ன செய்வார் என்பதில்தான் கல்வியறிவு தெரியும். பல பிரசாரங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து.

## படி 2: துயரம், பிரச்சினை, கோளாறு: மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதலாவது, அன்றாட மன உளைச்சல். தேர்வுக்கு முந்தைய நாள் வயிற்றைக் கலக்குவது, நண்பருடன் சண்டை போட்டபின் தூக்கம் வராதது, நேர்காணலில் கை நடுங்குவது. இது எல்லோருக்கும் வருகிறது, வர வேண்டும். சூழ்நிலையைச் சமாளிக்கச் சொல்லி உடலும் மனமும் தரும் தூண்டுதல் இது. இதற்குச் சிகிச்சை தேவையில்லை. தேர்வு முடிந்தால் தானாகப் போய்விடும். பழக்கத்தால் இதைச் சமாளிக்கும் திறனும் கூடும்.

இரண்டாவது, மனநலப் பிரச்சினை. நெருங்கியவரின் மரணம், வேலை இழப்பு, மணமுறிவு, இடம்பெயர்வு போன்ற பெரிய அடிகள் விழும்போது வருவது. அழுகை, கோபம், வெறுமை, உடல் வலிகூட வரலாம். பல வாரங்கள் நீடிக்கலாம். இதுவும் நோய் இல்லை. ஆனால் தனியாகத் தாங்க வேண்டியதும் இல்லை. பக்கத்தில் ஆள் வேண்டும், சிலருக்கு ஆலோசகரின் உதவியும் வேண்டும்.

மூன்றாவது, மனநலக் கோளாறு. மருத்துவர் கண்டறிந்து, சான்றுள்ள சிகிச்சை தர வேண்டிய நிலை. சில நேரம் வெளியில் எந்தக் காரணமும் தெரியாமலேயே வரும். "எல்லாம் இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர் தந்தையை இழந்து துக்கத்தில் இருக்கலாம், நாளைய கூட்டத்தை நினைத்துப் பதறவும் செய்யலாம். அவருடைய ஒவ்வொரு அழுகையையும் நோயின் கணக்கில் எழுதினால் அது அநியாயம்.

எந்த நிலை என்று எப்படிப் பிரிப்பது? நான்கு கேள்விகள் உதவும். எவ்வளவு நாளாக? எவ்வளவு தீவிரமாக? வாழ்க்கையின் எத்தனை இடங்களில், வீட்டில் மட்டுமா, வேலையிலும் நட்பிலுமா? அன்றாடக் காரியங்கள் தடைபடுகின்றனவா? கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் முடிவைச் சொல்கிறது. குளிப்பது, சமைப்பது, வேலைக்குப் போவது, பிள்ளையிடம் பேசுவது எல்லாம் பாரமாகி, அது வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஒரு மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

சொற்களையும் கொஞ்சம் கவனமாகப் புழங்குவது நல்லது. இன்று சோம்பலாக இருந்தால் 'டிப்ரெஷன்', மேசையை ஒழுங்காக அடுக்கினால் 'ஓசிடி' (எண்ணச் சுழற்சிக் கோளாறு), மனம் மாறினால் 'பைபோலார்' என்கிறோம். இரண்டு பக்கமும் நஷ்டம். உண்மையாகவே அந்த நோயோடு போராடுகிறவரின் வலி சின்னதாகிவிடுகிறது. சாதாரண வருத்தத்தில் இருப்பவர் தன்னை நோயாளியாக நினைத்து மேலும் ஒதுங்குகிறார். விழிப்புணர்வு முயற்சிகளே சிலரைச் சாதாரண உணர்வுகளை நோயாகப் பார்க்கத் தூண்டுகின்றனவோ என்ற கேள்வியை ஆய்வாளர்கள் சிலர் எழுப்பியிருக்கிறார்கள். அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை, துல்லியமாகப் பேசினால் போதும்.

## படி 3: முக்கியமான கோளாறுகளின் அடையாளங்களை அறிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதாவது ஒரு மனநலக் கோளாறோடு வாழ்ந்தார். பதற்றக் கோளாறுகளும் மனச்சோர்வும்தான் மிக அதிகம். எனவே எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, இந்த நான்கில் தொடங்கலாம்.

மனச்சோர்வு: பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், குறைந்தது இரண்டு வாரங்களாவது தாழ்ந்த மனநிலை, அல்லது முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமை. கூடவே தூக்கம், பசி, ஆற்றல், கவனம் ஆகியவற்றில் மாற்றம், தகுதியற்றவன் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. எல்லோரும் சோகமாகத் தெரிய மாட்டார்கள். சிலரிடம் எரிச்சலாக, சிலரிடம் தீராத உடல்வலியாக, சிலரிடம் உணர்ச்சியே இல்லாத மரத்த நிலையாக அது வரும்.

பதற்றக் கோளாறுகள்: ஆபத்து இல்லாத இடத்திலும் ஓயாத கவலை, அதைத் தவிர்க்க வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வது. இரண்டாவதைக் கவனியுங்கள். பயத்தைவிட, பயத்துக்குப் பயந்து தவிர்ப்பதே இந்த நோயை வளர்க்கிறது. பீதித் தாக்கம் வந்தால் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், செத்துவிடுவோம் என்று தோன்றும். முதல் முறை வரும்போது இதய நோய் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்வதே சரி.

இருமுனைக் கோளாறு (பைபோலார்): மனச்சோர்வுக் காலங்களும் எழுச்சிக் காலங்களும் மாறி மாறி வரும். எழுச்சிக் காலத்தில் மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பு தெரியாது. பேச்சு வேகமாகும், கையில் இருக்கும் பணமெல்லாம் கரையும், தன்னால் முடியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு இருக்கும். ஒரு நாளைக்குள் நாலு முறை மனம் மாறுவது இது இல்லை. எழுச்சி நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். மனச்சோர்வுக்காக மருத்துவரிடம் போகும்போது முன்பு இப்படி ஒரு எழுச்சிக் காலம் வந்திருந்தால் அதையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்தே மாறிவிடும்.

உளப்பிணி நிலைகள், மனச்சிதைவு: இல்லாத குரல் கேட்பது, யாரோ தீங்கு செய்யத் திட்டமிடுகிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, பேச்சில் குழப்பம். பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. ஒதுங்குதல், சந்தேகம், படிப்பில் சரிவு, தூக்கம் தலைகீழாதல் என்று மாதக்கணக்கில் முன்னோட்டம் இருக்கும். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இங்கே வயதைப் பற்றி ஒன்று. மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள், முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்குகின்றன என்று அமெரிக்காவில் 2005-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆய்வின் இன்னொரு பகுதி சங்கடமானது. மனநிலைக் கோளாறு (மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு போன்றவை) தொடங்கிச் சிகிச்சைக்குப் போவதற்கு ஆன தாமதத்தின் இடைநிலை, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் காத்திருந்த அளவு, 6 முதல் 8 ஆண்டுகள். பதற்றக் கோளாறுகளுக்கு அதைவிடவும் அதிகம். 'வயசுக் கோளாறு, சரியாகிவிடும்' என்று சொல்லிக் கடத்தும் ஆண்டுகள் இவை.

உடலையும் மறக்க வேண்டாம். தைராய்டு சுரப்பு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு போன்றவை மனச்சோர்வு போலவே தோன்றும். தைராய்டு அதிகமானால் பதற்றம் போலத் தெரியும். சில மருந்துகளும் மதுவும் மனநிலையைக் கெடுக்கும். அதனால்தான் நல்ல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார். காசு பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள்.

## படி 4: நோய் இல்லாத நாட்களுக்கான அறிவு

தூக்க நேரத்தை ஒழுங்காக வைப்பது, உடலை அசைப்பது, மதுவைக் குறைப்பது, மனம்விட்டுப் பேச ஒருவரையாவது வைத்திருப்பது. புதிதாக எதுவும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மனம் தாழ்ந்திருக்கும்போது 'உற்சாகம் வந்தபின் செய்யலாம்' என்று காத்திருந்தால் அது வராது. முதலில் ஒரு சிறு காரியத்தைச் செய்தால் உற்சாகம் பின்னால் வரும். மனச்சோர்வுக்கான ஒரு உளவியல் சிகிச்சையே இந்த அடிப்படையில் அமைந்திருக்கிறது. லேசான நிலையில் நீங்களாகவே முயன்று பார்க்கலாம். தீவிர மனச்சோர்வில் இருப்பவரிடம் போய் "ஒரு நடை போய் வாங்க, சரியாகும்" என்று சொல்ல இதை ஆயுதமாக்கக் கூடாது.

மனநலக் கோளாறு இல்லாமல் இருப்பதும் மனநலத்தோடு இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எந்த நோயும் இல்லாமலே வெறுமையாக வாழ்கிறவர்கள் உண்டு. நோயோடும் மருந்தோடும் வேலை, குடும்பம், நட்பு என்று நிறைவாக வாழ்கிறவர்களும் உண்டு.

## படி 5: யாரிடம் போவது, போனால் என்ன நடக்கும்?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்வார், பேச்சுச் சிகிச்சை தருவார். பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத மாட்டார். ஆலோசகர் வாழ்க்கைச் சிக்கல்களில் வழிகாட்டுவார். இவர்களின் பயிற்சி இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் என்ன படித்தார், யாரிடம் பதிவு செய்திருக்கிறார் என்று கேட்பதில் தவறே இல்லை. யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்குங்கள்.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான். எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா, சாக வேண்டும் என்று தோன்றியதா. போகும் முன் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, என்ன மாறியது, இப்போது சாப்பிடும் மருந்துகள் எவை, உங்களுக்குள்ள சந்தேகங்கள் என்ன. பதற்றத்தில் பாதி மறந்துபோகும். நீங்களும் கேளுங்கள்: எனக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? வேறு என்ன சிகிச்சை வழிகள் உண்டு? எப்போது பலன் தெரியும்? பக்கவிளைவு வந்தால் யாரை அழைப்பது?

மருந்தைப் பற்றிய தவறான எதிர்பார்ப்புகளால்தான் நிறையப் பேர் பாதியில் விடுகிறார்கள். மனச்சோர்வு மருந்துகள் தலைவலி மாத்திரை போல உடனே வேலை செய்யாது. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். குமட்டல் போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும், பெரும்பாலும் தணிந்தும் விடும். இது முன்பே தெரியாதவர் பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பார். குணமானதாகத் தோன்றியபின்னும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள், நோய் திரும்பாமல் இருக்க. நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரலாம்.

'அடிமையாகிவிடுவோம்' என்ற பயத்துக்கும் பதில் உண்டு. மனச்சோர்வு மருந்துகள் போதைப்பொருள் போல ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளை நெடுநாள் எடுத்தால் உடல் அவற்றைச் சார்ந்துவிடும். இரண்டையும் 'மனநல மாத்திரை' என்று ஒரே பையில் போடுவதால்தான் குழப்பம்.

பேச்சுச் சிகிச்சை என்றால் உட்கார்ந்து புலம்புவது என்று நினைப்பவர்கள் உண்டு. அதிகம் ஆராயப்பட்ட வகையான சிந்தனை-நடத்தைச் சிகிச்சையில் எண்ணங்களைக் குறித்துவைப்பது, பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவது என்று வீட்டுப்பாடமே தருவார்கள். லேசான, நடுத்தர மனச்சோர்வில் மருந்து இல்லாமலே இது பலருக்கு உதவுகிறது. ஒரு சிகிச்சையாளர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம். சிகிச்சையே பயனற்றது என்று முடிவுகட்ட அது காரணமில்லை.

## படி 6: ஒதுக்குதலை அடையாளம் காணுங்கள்

பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் கிரஹாம் தார்னிக்ராஃப்ட் இதை மூன்றாகப் பார்க்கிறார்: அறியாமை, தப்பான மனப்பான்மை, பாரபட்சமான நடத்தை. அறிவு கூடினால் முதலாவது குறையும். மற்ற இரண்டும் தானாகக் குறையும் என்று சொல்ல முடியாது. "இது மூளை நோய்" என்று விளக்கினால் நோயாளியைக் குறைசொல்வது குறைகிறது, ஆனால் 'இவர் இனி தேறவே மாட்டார்' என்ற எண்ணம் கூடிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிகம் பலன் தருவது, நோயிலிருந்து மீண்டு வாழ்கிறவரோடு நேரில் பழகுவதுதான்.

இதில் தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்வதும் சேரும். "மருந்து சாப்பிட்டால் நான் பலவீனமானவன்" என்று நினைப்பது வெளியார் பேச்சைவிட அதிகமாகச் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கும்.

## படி 7: முதலுதவி செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்

மனநலக் கல்வியாளர் பெட்டி கிச்சனரும் ஜோர்மும் 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மனநல முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதன் சாரம் எளிது: அணுகுங்கள், ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள், ஆதரவும் தகவலும் கொடுங்கள், மருத்துவ உதவிக்கு ஊக்குவியுங்கள், குடும்பம், நட்பு போன்ற மற்ற துணைகளையும் சேர்த்துவிடுங்கள்.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள். "கொஞ்ச நாளா நீ யார்கூடவும் பேசறதில்ல, சரியா சாப்பிடறதும் இல்ல. என்ன ஆச்சு? கேக்க நான் இருக்கேன்." இவ்வளவு போதும். "உனக்கு டிப்ரெஷன்" என்று பட்டம் கட்ட வேண்டாம். "என் கஷ்டத்தோட பார்த்தா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல", "மனச தைரியமா வெச்சுக்கோ" இரண்டும் பேச்சை அங்கேயே முடித்துவிடும். அவர் பேசி முடிக்கும் முன் தீர்வு சொல்லத் துடிக்காதீர்கள். உதவிக்குத் தயார் என்றால், "டாக்டரைப் பாரு" என்று சொல்லி விட்டுவிடாமல் நேரம் வாங்கித் தாருங்கள், கூடவே போங்கள்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தாலோ, தன் பொருட்களைக் கொடுத்துவிடுவது, விடைபெறுவது போலப் பேசுவது என்று சந்தேகம் தோன்றினாலோ நேராகவே கேளுங்கள்: "தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சுமையை இறக்கிவைக்க ஒருவர் கிடைத்தார் என்ற நிம்மதியே பலருக்கு வரும். ஆம் என்று சொன்னால் திட்டம் இருக்கிறதா, வழி கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள். அவசர எண்ணையோ உதவி எண்ணையோ உடனே அழையுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். உயிர் விஷயத்தில் ரகசியம் காக்க முடியாது என்று அன்பாகவே சொல்லிவிடலாம். இந்த எண்ணம் உங்களுக்கே இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே நம்பிக்கையான ஒருவரையோ உதவி எண்ணையோ அழையுங்கள்.

## படி 8: வந்துசேரும் தகவலைச் சலியுங்கள்

'இந்த ஐந்து அறிகுறிகள் இருந்தால் உங்களுக்கு ஏடிஎச்டி' (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) என்று ஒரு நிமிடக் காணொளி சொல்கிறது. கவனம் சிதறுவது, சாவியை மறப்பது எல்லோருக்கும் உண்டு. எண்ணிக்கையை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. காலம், தீவிரம், வாழ்க்கைத் தடை மூன்றும் வேண்டும். சொல்கிறவர் யார், கடைசியில் எதையாவது விற்கிறாரா, 'நிச்சயம் குணம்' என்று வாக்குறுதி தருகிறாரா, சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா என்று பாருங்கள். கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலே அடுத்த காணொளிக்குப் போய்விடலாம்.

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களில் சில உண்மையிலேயே மருத்துவர்கள் பயன்படுத்துபவை. உதாரணமாக, பிஎச்க்யூ-9 என்பது மனச்சோர்வைக் கண்டறிய உதவும், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண். 10-உம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் அது சல்லடை மட்டுமே, தீர்ப்பு இல்லை. துக்கத்தில் இருப்பவருக்கும் தைராய்டு குறைந்தவருக்கும் மதிப்பெண் கூடலாம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஒருவரிடம் பேசுங்கள்.

## படி 9: இன்றே செய்யக்கூடியது

கைபேசியில் உங்கள் நாட்டின் மனநல உதவி எண்ணையும் அவசர எண்ணையும் சேமியுங்கள். ஒரு முறை அழைத்துப் பார்க்க முடியாவிட்டாலும், அது இன்னும் இயங்குகிறதா என்று அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபாருங்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, எந்த நாட்களில் பார்க்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். பிறகு வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள்: "எனக்கு இப்படி ஏதாவது ஆனால், எதைப் பார்த்து நீ கண்டுபிடிப்பாய்? யாரிடம் கூட்டிப் போவாய்?" அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் இரண்டாம் படியிலிருந்து அவரோடு சேர்ந்து படிக்கத் தொடங்கலாம்.